நாலாம் புத்தகத்துக்குள் போன தர்மம்

ஒரு ஊரில் நாலு பேர் சேர்ந்து ஊர் நன்மைக்கு ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கிறார்கள் என்று வையுங்கள். ஆடிட்டரிடம் போவார்கள். அவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பத்திரத்தில் பெயரையும் விலாசத்தையும் மாற்றிக் கொடுப்பார். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். பத்திரத்தில் நிலம், கட்டடம் எதுவும் சேரவில்லை என்றால் அது 4ஆம் புத்தகத்தில் ஏறும். பதிவுச் சட்டம் 1908இன்படி 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் மனையை யாருக்கு விற்றார் என்று நாம் தெரிந்துகொள்வது அப்படித்தான். 4ஆம் புத்தகத்தில் ஏறிய பத்திரத்துக்கு நகல் வேண்டுமென்றால் அதை எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும், அல்லது அதன் கீழ் உரிமை கோருகிறவராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கிடையாது.

“பொதுமக்கள் நன்மைக்காக” என்று முதல் பக்கத்திலேயே எழுதிய பத்திரம். அதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது!

தொண்டு நிறுவனச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் அது உடனே டெல்லிக்குப் போய்விடுகிறது. வெளிநாட்டுப் பணம், உள்துறை அமைச்சகம், உரிமம் ரத்து. அதையும் பேசலாம், கீழே வருகிறேன். எனக்கு முதலில் தோன்றுவது எங்கள் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை. வியாபாரிகள் எடுத்து வைத்த மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்களில் ஒன்று. இங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற இந்தப் பூமியில் சர்க்காரை எதிர்பார்த்து எது நடந்தது? ஊருணி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூடம், கல்லூரி என்று பாதிக்கு மேல் யாராவது தர்மமாகச் செய்தது. அந்தத் தர்மத்துக்குச் சட்டம் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

சிரிப்பு எதற்கென்றால், அந்த ஆடிட்டர் பத்திரத்தில் “இந்திய டிரஸ்ட் சட்டம் 1882இன் கீழ்” என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். அறக்கட்டளைச் சொத்துகளுக்கு, அவை பொதுவோ தனியாரோ, இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தன் பிள்ளைக்குச் சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டுப் போகிறவருக்கான சட்டம் அது. 140 வருஷத்துக்கு மேல் பழையதான, நமக்குப் பொருந்தாத சட்டத்தின் பெயரை நாம் பத்திரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் தமிழ்நாட்டில் ஒரு பொது டிரஸ்ட்டை யார் கண்காணிப்பது? கோயில் தொடர்புள்ளது என்றால் இந்து சமய அறநிலையத் துறை, 1959 சட்டம். சங்கமாகப் பதிந்திருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தர வேண்டும். வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமான வரித் துறை. வெளிநாட்டுப் பணம் என்றால் உள்துறை. இந்த நாலிலும் சேராமல், ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ ஊருணிக்கோ நாலு பேர் வைத்த சாதாரண டிரஸ்ட்? பத்திரம் பதிந்த நாளோடு சரி. அதன்பிறகு அது இருக்கிறதா இல்லையா, அறங்காவலர் யார், பணம் எங்கே போனது என்று கேட்கிற அலுவலகம் மாநிலத்தில் இல்லை. மகாராஷ்டிரத்துக்கு 1950இலிருந்து பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, அறநிலைய ஆணையர் இருக்கிறார். குஜராத்திலும் அதே சட்டம்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் எல்லாம் தனிச்சட்டம் வைத்திருக்கின்றன. நமக்குக் கோயிலுக்கு மட்டும் பெரிய சட்டம். இத்தனைக்கும் சத்திரம், பாலம், கல்லூரி என்று பொதுத் தர்மங்களை ரெவின்யூ போர்டு மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் காலத்திலேயே, 1817இல், மதராஸ் ராஜதானியில் ஒரு ரெகுலேஷன் போட்டார்கள். ராமேசுவரம் போகிற பாதை நெடுக ராமநாதபுரம் சேதுபதி ராஜாக்கள் கட்டிவைத்த சத்திரங்கள் நினைவிருக்கிறதல்லவா. அந்த மாதிரித் தர்மங்களுக்காக வந்த சட்டம்.

இப்போது மகமைக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகம் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ராமநாதபுரத்து ஆறு ஊர்கள் என்று வரும்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. ஆறில் இரண்டு நம் பக்கத்து ஊர். தெற்கிலிருந்து வண்டி கட்டி வந்த நாடார் வியாபாரிகள் சரக்கு இறக்கப் பேட்டை போட்டார்கள். பேட்டைச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்தது மகமை. அதை நிர்வகித்தது உறவின்முறை என்கிற சாதிச் சங்கம். பேட்டைக் காவலுக்கும் கிணற்றுக்கும் எடுத்த பணம் பெருகிப் பெருகிக் கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்திய பள்ளிக்கூடம் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஏன் தனியாகக் கட்டினார்கள்? மற்ற இடத்தில் உள்ளே விடவில்லை. கமுதி இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததற்கு ராமநாதபுரம் ராஜா, பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் ராஜாவே சமாதானமாகப் போகலாம் என்று வந்தார். அறங்காவலருக்கு அப்படி விட்டுக்கொடுக்க அதிகாரமில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறங்காவலர் பொதுச் சொத்துக்கு எஜமானர் இல்லை என்கிற அருமையான சட்டக் கொள்கை, எவ்வளவு அநியாயமான காரியத்துக்குப் பயன்பட்டது பாருங்கள். கொள்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது என்று எனக்கு எப்போதும் தோன்றுவது இந்த வழக்கினால்தான்.

அருப்புக்கோட்டையில் நாடார்கள் மட்டுமில்லை. தறி நெய்கிற தேவாங்கர்களும் சாலியர்களும் தங்கள் பணத்தில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சைவபானு சத்திரியக் கல்லூரி, தேவாங்கர் கலைக் கல்லூரி இரண்டும் 1970இல் ஆரம்பித்தவை. சின்ன ஊரில் ஒரே வருஷத்தில் இரண்டு கல்லூரி. அரசாங்கம் கட்டியது ஒன்றுகூட இல்லை.

பழைய மண்டிக்காரர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். “மகமைக் கணக்கை யாருக்கு அண்ணாச்சி காட்டுவீங்க?”

“யாருக்குன்னா? கூட்டத்துல வாசிப்போம் தம்பி. அத்தனை பேரும் கடைக்காரன். தப்பா வாசிச்சா எந்திரிச்சிருவான்ல.”

அவ்வளவுதான் ஆடிட். அதிகாரி கிடையாது, படிவம் கிடையாது. பணம் கொடுத்தவன் எதிரில் உட்கார்ந்திருப்பான், அவனுக்குக் கணக்குத் தெரியும்.

இதை நான் பொற்காலமாக்கிச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. வெளிச்சாதிக்காரருக்கு இடமே இல்லை. ஆனால் மகமை வெளிச்சாதிக்காரரிடமிருந்தும் வந்தது. பல மண்டிகளில் வத்தல் மூட்டை கொண்டுவந்த சம்சாரிக்குக் கொடுக்கிற சிட்டையில் கமிஷன், எடைக்கூலியோடு மகமை என்றும் ஒரு வரி கழித்திருக்கும். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி எந்தச் சாதியானாலும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு செங்கல் கொடுத்தவர்தான். கணக்கை அவர் முன்னால் யாரும் வாசித்ததில்லை. வடக்கே இதற்குத் தர்மாதா என்று பெயர். வியாபாரி அப்படி வாங்குகிற பணம் அவர் வியாபார வருமானம் ஆகாது, தர்மத்துக்கென்றே வாங்கியது என்று உச்ச நீதிமன்றம் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் சொன்னது. வியாபாரியின் பணமில்லை என்றால் அது பொதுப்பணம். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கிற உரிமை பொதுமக்களுக்கு வேண்டாமா?

வருமான வரிச் சட்டம் இந்த விஷயத்தை வேறு மாதிரி பிடித்தது. 1961 சட்டத்தின் 13(1)(பி) பிரிவில், அந்தச் சட்டம் வந்தபின் ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதியாருக்கோ என்று ஏற்படுத்திய தர்ம டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு இல்லை என்று வைத்தார்கள். அதற்கு முன்பு ஏற்படுத்தியது என்றால் பாதகமில்லை. எனவே புதுப் பத்திரங்களில் எல்லாம் “சாதி மத பேதமின்றி” என்று ஒரு வரி வந்துவிட்டது. மாணவர்களும் பேதமில்லாமல்தான் படிக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பொதுக்குழுவில் ஓட்டு யாருக்கு, செயலாளராக யார் வரலாம் என்பதை மட்டும் அந்த வரி தொடவில்லை.

2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி அதைத் தொட்டார். சாதியை வளர்ப்பதை நோக்கமாகக் கொண்ட சங்கம் சட்டப்படியான சங்கமாக இருக்க முடியாது, பெயரிலும் விதிகளிலும் அதை நீக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலும் சாதி இருக்கக்கூடாது என்று அவருடைய தீர்ப்பு போனது. நாங்குநேரியில் சாதிப் பகையில் பள்ளி மாணவரை வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் பள்ளிப் பெயர்களைப் பற்றி அதையே சொல்லியிருந்தது. எங்கள் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை இதுதான் பேச்சு. “எங்க தாத்தா மகமையில கட்டுனது, பேரை எடுன்னா எப்படி” என்பது ஒரு கட்சி. பெயர்ப்பலகையிலிருந்து சாதி போக வேண்டும் என்பது என் கட்சி. தாத்தாவின் பெயரைப் போடுங்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் பலகையை மாற்றிவிட்டுப் பைலாவைப் பூட்டி வைத்தால் மாறியது பெயின்ட் மட்டும்தான்.

பைலா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கங்களில் சண்டை வந்தால் இரண்டு கோஷ்டியும் 7ஆம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்டப் பதிவாளரிடம் ஓடும். “நாங்கள்தான் ஜெயித்த நிர்வாகிகள்” என்று சொல்கிற படிவம் அது. எந்தக் கோஷ்டி நிஜம் என்று தீர்மானிக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பது உயர் நீதிமன்றம் பலமுறை சொன்னது. டிரஸ்ட்டாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவு. அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, கோர்ட்டில் அனுமதி வாங்கி, அதன்பிறகு வழக்குப் போட வேண்டும். நமக்கு மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. திருச்சுழிக்காரருக்கு அது மாவட்டத்தின் மறு கோடி. ஒரு ஊருணி டிரஸ்ட்டில் கணக்குக் கேட்க இரண்டு சம்சாரிகள் வக்கீல் வைத்து, பஸ் மாறி மாறிப் போய், வாய்தா வாய்தாவாக நிற்பார்களா? நிற்க மாட்டார்கள் என்பது கணக்குக் காட்டாதவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

திருச்சுழி என்றால் உலகத்துக்குத் தெரிந்தவர் ரமணர். 1879 டிசம்பர் 30, திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் அய்யர் அந்த ஊர்க் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போன அந்தப் பிள்ளையைச் சட்டம் விட்டதா? ஆசிரமத்தை யார் நிர்வகிப்பது என்று 1930களில் வழக்கே வந்தது. 1938இல் அவர் ஓர் உயில் எழுத வேண்டியதாயிற்று. தம்பி நிரஞ்சனானந்த சுவாமியும் அவருக்குப் பின் அவர் வழியினரும் நிர்வகிப்பது என்று. கையெழுத்துப் போடுகிற வழக்கம் இல்லாதவர் என்பதால் அதில் ஒரு கோடு மட்டும் போட்டார். சொத்து என்று ஒன்று சேர்ந்துவிட்டால் துறவிக்கும் பத்திரம் தேவைப்படுகிறது. நமக்குத் தேவைப்படாதா?

இனி டெல்லி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த வறட்சிப் பூமியில் நிறையத் தொண்டு நிறுவனங்கள் வேலை செய்தன. பெண்கள் சங்கம், கண்மாய் தூர்வாருதல், நீர்வடிப் பகுதி மேம்பாடு என்று திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் அவர்கள் காலடி படாத ஊர் குறைவு. அவற்றில் பல சின்னஞ்சிறியவை. வெளியிலிருந்து வருகிற பணத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கி இவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில். 2010இல் புதிதாக எழுதினார்கள். 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் மூன்று இடி: ஒருவர் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றக்கூடாது, நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த இடம் 20 ஆயிற்று, பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லி ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்துக் கொடுப்பதைத் தடை செய்ததில் அடிபட்டது நரிக்குடிப் பக்கத்துச் சின்ன நிறுவனம், டெல்லியில் ஆபீஸ் வைத்திருப்பவர் இல்லை. இத்தனைக்கும் மத்திய அரசே விருதுநகரை 2018இல் முன்னேற விழையும் மாவட்டம் என்று பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பவை இது, ராமநாதபுரம் என்று இரண்டே மாவட்டம்.

உள்ளூர்ப் பணத்துக்கும் இதே கதி. பள்ளிக்கூடத்துக்கு என்று உண்டியல் வைத்தால், பெயர் விலாசம் எழுதாமல் வந்த காணிக்கை ஓர் அளவுக்கு மேல் போனால் 30 சதவீத வரி, 2006இலிருந்து. முழுக்கக் கோயிலுக்கான டிரஸ்ட் என்றால் அந்த வரி இல்லை. சாமி உண்டியலில் பெயர் கேட்க வேண்டாம், பள்ளிக்கூட உண்டியலில் கேட்க வேண்டும்! பிடி அரிசி காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் காமராஜர் படித்த பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ரசீது புத்தகம் அடித்திருக்க வேண்டுமோ. நன்கொடை கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி அனுமதி வாங்கியிருந்தால், கொடுத்தவர் ஒவ்வொருவரின் பான் அல்லது ஆதார் எண்ணோடு வருஷா வருஷம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். நாங்கள் கொஞ்சம் பேர் ஊர் ஊருணிக்காகப் பணம் பிரித்தபோது, ஆடு மேய்க்கிற பாட்டி முந்தானையை அவிழ்த்து ஐம்பது ரூபாய் கொடுத்தது. அதனிடம் போய் ஆதார் கேட்பதா? 80ஜியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நல்லதும் நடக்காமல் இல்லை. வருமானம் 5 கோடிக்குள் உள்ள டிரஸ்ட்டுகளுக்கு வரிப்பதிவை 5 வருஷத்துக்குப் பதில் 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று 2025 பட்ஜெட்டில் மாற்றினார்கள். அங்கங்கே சிதறிக் கிடந்த பிரிவுகளை 2025 வருமான வரிச் சட்டத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், 2026 ஏப்ரல் முதல் நடப்பு. சின்னவருக்குச் சின்ன பாரம் என்கிற புத்தி வர இத்தனை வருஷம் ஆயிருக்கிறது.

ஆனால் இவ்வளவு சட்டத்திலும் கணக்கு மேலே போகிறதே தவிரப் பக்கவாட்டில் வருவதில்லை. வருமான வரித் துறைக்குத் தெரியும், உள்துறைக்குத் தெரியும், ஊருணிக்கரையில் இருக்கிறவருக்குத் தெரியாது. எனக்குள்ள முக்கியமான சண்டை இதுதான்.

தமிழ்நாட்டுக்கு ஒரு பொது அறக்கட்டளைச் சட்டம் வேண்டும். அறக்கட்டளை அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 28ஆவது இனம், எனவே சட்டமன்றம் தாராளமாகச் செய்யலாம். மகாராஷ்டிரத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அங்கே அறங்காவலர் மாறினால் அதை ஆணையர் அலுவலகம் அங்கீகரிக்க வேண்டும், சொத்தை விற்க முன்அனுமதி வேண்டும். விற்பனைக்கு அனுமதி என்பது சரி. அறங்காவலர் மாறியதைப் பதிவதற்கே வருஷக்கணக்கில் காத்திருப்பதாக அங்குள்ளவர்கள் புலம்புகிறார்கள். இன்னொரு அதிகாரி, இன்னொரு கையெழுத்து என்று போனால் ஊருணி டிரஸ்ட் செத்துப் போகும், கல்லூரி டிரஸ்ட் மட்டும் ஆள் வைத்துச் சமாளிக்கும். இங்கிலாந்தில் 1853இலிருந்து இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். பதிவான தர்ம ஸ்தாபனத்தின் பெயரைத் தட்டினால் அறங்காவலர் யார், வரவு என்ன, செலவு என்ன என்று வீட்டிலிருந்தே யாரும் பார்க்கலாம். வருமானம் கூடக் கூடக் கேள்வியும் கூடும். சின்னதற்குச் சுருக்கமான கணக்கு போதும்.

நமக்கும் அது போதும். பொது டிரஸ்ட் பத்திரத்தை 4ஆம் புத்தகத்திலிருந்து வெளியே எடுங்கள், பட்டா பார்ப்பது போல யாரும் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு பக்கம், தமிழில், வரவு செலவு இணையத்தில் ஏறட்டும். சின்ன டிரஸ்ட்டுக்கு அதோடு வேலை முடிந்தது. தகராறு வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் இழுக்காமல் தாலுகா அளவில், இத்தனை மாதத்துக்குள் என்று கெடு வைத்து முடிக்க வழி செய்யட்டும். கல்லூரியும் மருத்துவமனையும் நடத்துகிற பெரிய டிரஸ்ட்டுக்குக் கண்டிப்பு எவ்வளவு கூடினாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

சட்டம் எப்போது வருமோ தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது புதிதாக டிரஸ்ட் எழுதப் போகிறீர்கள் என்றால், பத்திரத்தில் ஒரு ஷரத்து கூடுதலாகச் சேருங்கள்: ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்துக்குள் இந்தப் பத்திரத்தின் நகலும் அந்த வருஷத்து வரவு செலவும் ஊர் நூலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டப்படும், கேட்கிறவர் யாராக இருந்தாலும் நகல் தரப்படும் என்று. இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதினதில்லையே என்று ஆடிட்டர் சொல்வார். பரவாயில்லை, எழுதச் சொல்லுங்கள்.